விலா எலும்பு ஏன் இழுக்கிறது? கரி கிரில் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தட்டட்டிக்கு (மொட்டைமாடிக்கு) மூடி போட்ட கரி கிரில் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு வெண்பன்றி விலா, கோயில் கொடை முடிந்து பங்குக்கறி வந்தால் கிடா விலா, மற்ற நாளில் மேலப்பாளையத்துக் கடையில் வாங்கிய ஆட்டு விலா என்று அது ஓய்ந்து கிடந்ததில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கிரிலில் ஏதாவது சரியில்லை என்றாலும் எனக்குத்தான் போன் வரும். கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ நேரே அந்தத் தலைப்புக்குப் போய்விடுங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், செலவு பிடிப்பது கடைசியில்.

நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. கறி இருக்கிற கம்பிவலை மட்டத்தில் சூடு 110 முதல் 130 டிகிரி செல்சியஸ். பன்றியின் முதுகுப்பக்க விலா 4 முதல் 5 மணி நேரம், கொழுப்பு கூடுதலான வயிற்றுப்பக்க விலா 5 முதல் 6 மணி நேரம். எட்டு, பத்து கிலோ கறி நிற்கிற இளங்கிடாயின் விலா சுமார் 3 மணி நேரம். கறியை எப்போதும் கங்குக்கு நேர் மேலே வைக்காமல் எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும், மூடி மூடியிருக்க வேண்டும்.

## கடித்தால் இழுக்கிறது, எலும்பை விட்டு வரவில்லை

கறியை இறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி. இழுக்கிற கறி ஈரமாக இருக்கிறதா, காய்ந்து போயிருக்கிறதா? ஒரு ஓரத்தைக் கீறி விரலால் அழுத்திப் பாருங்கள். சாறு கசிந்தால் இந்தத் தலைப்பு. சாறே இல்லாமல் நார்நாராக வந்தால் அடுத்த தலைப்பு.

எல்லாரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கறி இழுத்தால் அதிகமாக வெந்துவிட்டது என்று நினைத்து அவசரமாக இறக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது இன்னும் வேக வேண்டிய கறி. என் சின்ன மச்சினன் முதன்முதலில் பன்றி விலா போட்டபோது இரண்டரை மணி நேரத்தில் போன் பண்ணினான். "அத்தான், ரப்பர் மாதிரி இழுக்கு, ரொம்ப வெந்துட்டு போல, எறக்கிரட்டா?" தெர்மாமீட்டர் குத்தச் சொன்னேன், 72 டிகிரி. "எறக்காத, இலையில கெட்டி இன்னும் ஒண்ணரை மணி நேரம் விடு" என்றேன். அதே பாளத்தைத்தான் (துண்டு போடாத முழு விலாவைத்தான்) அன்றைக்கு எல்லாரும் கையால் பிய்த்துச் சாப்பிட்டார்கள்.

70 டிகிரியில் விலாக்கறி வெந்திருக்கும், ஆனால் இளகியிருக்காது. எலும்பைச் சுற்றியுள்ள ஜவ்வும் தசைநாரும் கரைந்து குழைவது 90க்கு மேல். 90, 95 டிகிரியைத் தொடுகிற வரைக்கும் இறக்கவே மாட்டேன் என்று இருந்துவிடுங்கள். பன்றிக்கறி சரியாக வெந்ததா என்ற பயமும் அந்தச் சூட்டில் தானாகப் போய்விடும்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால்: விளக்குமாற்றிலிருந்து எடுக்காமல், புதிதாகச் சீவிக் கழுவிய தென்னை ஈர்க்கு ஒன்றை இரண்டு எலும்புக்கு நடுவே குத்துங்கள். வெந்த சேப்பங்கிழங்கில் இறங்குவது போல இறங்கினால் ஆயிற்று. தடுத்தால் ஆகவில்லை. இன்னொரு சோதனை, பாளத்தின் ஒரு முனையை இடுக்கியால் பிடித்துத் தூக்குவது. நடுவில் நன்றாக வளைந்து, மேல்கறியில் மெல்லிய விரிசல் விட்டால் ஆயிற்று. பலகை மாதிரி விறைத்து நின்றால் மூடியை மூடிவிடுங்கள்.

இனிக் காரணங்கள்.

நேரம் போதவில்லை. அதிகம் நடப்பது இதுதான், தீர்வும் சும்மா காத்திருப்பதுதான். விருந்தாளி ஒரு மணிக்கு வருகிறார் என்றால் கரி ஏழு மணிக்கே பற்றியிருக்க வேண்டும். சீக்கிரம் முடிந்துவிட்டால் கவலையில்லை. இலையோடு பழைய போர்வையில் சுற்றி ஐஸ் இல்லாத, மூடி போட்ட ஐஸ் பெட்டியில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சூடு இறங்காது, கறியும் இன்னும் கொஞ்சம் குழையும்.

கறியின் உள்சூடு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. 65க்கும் 75க்கும் நடுவே வந்து முள் நகராமல் ஒரு மணி நேரம்கூட நிற்கும். கிரில் கெட்டுவிட்டது என்று கரியை அள்ளிக் கொட்டாதீர்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான் இதுவும். மேலே கசிகிற ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கிறது. காத்திருந்தால் தானாக ஏறும். அவசரமென்றால் சுற்றிக் கட்டுங்கள்.

சுற்றுவதற்கு நம் ஊரில் வாழை இலையை விட நல்லது எதுவுமில்லை. இலையைத் தணலில் வாட்டி, அதில் பாளத்தை எலும்பு மேல்பக்கமாக வைத்து, இரண்டு மேசைக்கரண்டி சூடான எலும்புச் சாறு விட்டு மடித்து, அதற்கு மேல் அலுமினியத் தாள் சுற்றுங்கள். தாளை மட்டும் சுற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. புளியோ காடியோ தடவிய கறி தாளைத் தொட்டுக்கொண்டு மணிக்கணக்கில் கிடந்தால் தாள் அரித்துப் பொத்தல் விடும், கறியில் உலோக வாடை ஏறும். நடுவில் இலை இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறீர்கள். ஒவ்வொரு திறப்புக்கும் போன சூடு திரும்ப நேரமாகும். அரை மணிக்கு ஒரு தடவை திறந்தால் மொத்த நேரத்தில் ஒரு மணியாவது கூடும். முதல் ஒன்றரை மணி நேரம் திறக்கவே வேண்டாம்.

அடிச் சவ்வை உரிக்கவில்லை. எலும்புப் பக்கம் வெள்ளையாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். எத்தனை மணி நேரம் வைத்தாலும் அது இளகாது, தோல் மாதிரிதான் கிடக்கும். பன்றி விலாவில் ஒரு கரண்டிக் காம்பை எலும்புக்கும் சவ்வுக்கும் நடுவே நுழைத்துக் கிளப்பி, துணியால் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்துவரும். வெறும் கையால் பிடித்தால் வழுக்கும். ஆட்டு விலாவில் அது மெல்லிசு, கிழிந்து கிழிந்து வரும். மல்லுக்கட்ட வேண்டாம், கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி விட்டாலே போதும்.

வெட்டின சூட்டோடு ஏற்றிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் வெட்டினதை எட்டு மணிக்கு வாங்கி ஒன்பதுக்குக் கிரிலில் வைத்தால், கறி விறைத்திருக்கிற நேரத்தில் வைக்கிறீர்கள். குழம்புக்கு அது பெரிதாகத் தெரியாது. பாளமாகச் சுடும்போது தெரியும். சனிக்கிழமை வாங்கி உப்பு தடவி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு ஒரு கிலோவுக்கு 10 கிராம், அதாவது தலை தட்டின இரண்டு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. எலும்பின் எடையும் அதற்குள் இருப்பதால் இதற்கு மேல் போகாதீர்கள்.

ஆடு முற்றினது. மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் நாலரை மணி நேரத்துக்குப் பிறகு ஈர்க்கு இறங்கவில்லை என்றால் ஆட்டின் வயசுதான். நம் பக்கத்துக் கன்னி இனத்து ஆடு இளசாக இருந்தால் அருமையான கறி. நாலு பல், ஆறு பல் போட்ட கிடாயின் விலா கிரிலுக்கு ஆகாது. அதை இறக்கி, இலையோடு இட்லிக் கொப்பரையில் வைத்து ஒரு மணி நேரம் ஆவி காட்டுங்கள். பிறகு பாகு தடவி ஐந்து நிமிஷம் கிரிலில் வாட்டினால் பந்தி கெடாது. குக்கரில் தண்ணீர் ஊற்றி விசில் விடுவதை நான் கடைசியில்தான் செய்வேன். கறி குழையும், ஆனால் ருசியெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். அப்படிச் செய்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சால்னாவுக்கு எடுத்துவையுங்கள்.

எப்போது கறிக்கடைக்காரரிடம் போக வேண்டும்: ஒரே கடையில் வாங்கியது இரண்டு தடவை இப்படி ஆனால். முதல் நாளே சொல்லி வையுங்கள். "அண்ணாச்சி, ரெண்டு பல்லுக்கு மேல போகாத கிடா வேணும், வெலாவைத் துண்டு போட்டுராதீங்க, பாளமா குடுங்க, மேல இருக்க கொழுப்ப எடுக்காண்டாம்." நம் கடைகளில் விலாவைக் கேட்காமலே குழம்புத் துண்டாகப் போட்டுவிடுவார்கள். துண்டு போட்டது சீக்கிரம் காய்ந்துபோகும், அதைக் கிரிலில் குழைய வைக்க வழியே இல்லை.

## காய்ந்து, நார்நாராக இருக்கிறது

ஆட்டு விலாவில்தான் இது அதிகம். பன்றி விலாவில் நடுநடுவே கொழுப்பு ஓடுகிறது, ஆட்டு விலாவில் கறியே மெல்லிசு.

முதலில் கிரிலின் சூட்டைப் பாருங்கள். கம்பிவலை மட்டத்தில் 150ஐத் தாண்டி ஓடியிருந்தால் காரணம் அதுதான். சூடு சரியாக இருந்தும் காய்கிறது என்றால் நீங்கள் சுற்றுவதற்குத் தாமதித்திருக்கிறீர்கள். ஆட்டு விலாவை ஒரு மணி நேரப் புகைக்குப் பிறகு இலையில் கட்டிவிட வேண்டும், பன்றி விலா இரண்டரை, மூன்று மணி நேரம் தாங்கும். கம்பிவலைக்குக் கீழே, கறிக்கு நேர் அடியில் ஒரு பழைய தகரத் தட்டில் வெந்நீர் வையுங்கள். சொட்டுகிற கொழுப்பும் அதில் விழும்.

காய்ந்ததைக் காப்பாற்ற முடியும். எலும்பு எலும்பாக வெட்டி, சூடான சால்னா அரை கப் விட்டு, மூடி போட்டுப் பத்து நிமிஷம் சிறு தீயில் வையுங்கள்.

## கறி கூழாகிவிட்டது

வாயில் போட்டால் மாவு மாதிரி இருக்கிறதா? பப்பாளிக்காய் தடவினீர்களா என்று பாருங்கள். அநேகமாக ஆமாம்.

பப்பாளிக்காய் நம் வீடுகளில் கறி மெதுவாக ஆவதற்குப் பாட்டிமார் காலத்திலிருந்து பழகிய கை வைத்தியம். சட்டென்று வேகிற சுக்கா வறுவலுக்கு அது பொருந்தும். மெல்லச் சுடுகிற விலாவுக்கு அது எதிரி. கறி இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் இருக்கும்போதுதான் பப்பாளிப் பால் வேகமாக வேலை செய்யும். அது மேல் கறியை மட்டும் அரித்துக் கூழாக்கும், எலும்பை ஒட்டிய ஜவ்வு அப்படியே இருக்கும். மேலே கூழ், கீழே ரப்பர். எங்கள் மைனி வீட்டில் இரண்டு கிறிஸ்துமஸ் இப்படித்தான் போயிற்று. மூன்றாவது வருஷம் பப்பாளியை நிறுத்தினார்கள், வேறு எதையும் மாற்றவில்லை. கறி சரியாக வந்தது.

பப்பாளி இல்லையென்றால் தயிரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ராத்திரி முழுக்க ஊறவைத்தீர்களா? அதை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். அதுவும் இல்லையென்றால் இலைக்குள் அதிக நேரம் விட்டிருக்கிறீர்கள். சுற்றியபின் ஆட்டுக்கு ஒன்றரை மணி, பன்றிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். பிரித்த பிறகு திறந்தபடி அரை மணி நேரம் கிரிலில் இருந்தால்தான் மேல்புறம் பிடித்து நிற்கும்.

கூழான கறி திரும்பாது. எலும்பை நீக்கி, வெங்காயம் மிளகு போட்டுப் புரட்டி, பரோட்டாவோடு கொத்திவிடுங்கள்.

## வெளியே கரிந்துவிட்டது, உள்ளே வேகவில்லை

கரிந்த மேல்புறத்தை நகத்தால் சுரண்டுங்கள்.

பளபளவென்று கட்டியாகப் பெயர்ந்தால் கருப்பட்டி. அமெரிக்கப் பாணி விலாவுக்கு அவர்கள் பழுப்புச் சர்க்கரை போடுகிற இடத்தில் நான் உடன்குடிக் கருப்பட்டி போடுகிறேன். வாசனைக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் எந்த இனிப்பும் 160, 170 டிகிரிக்கு மேல் கருகிக் கசக்கும். ஆகவே பாகைக் கடைசி 15, 20 நிமிஷத்தில்தான் தடவ வேண்டும், இரண்டு பூச்சாக. 100 கிராம் கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மணல் நிற்கும். அதில் நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், வத்தல் பொடி, மிளகு, உப்பு போட்டுக் கரண்டியில் ஒட்டும் பதத்துக்குக் காய்ச்சினால் ஒரு கிலோ விலாவுக்குச் சரியாக இருக்கும். முன்னாடியே இனிப்புத் தடவுகிற பழக்கமிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கரிந்திருந்தால் கங்குக்கு மிக அருகில் இருக்கிறது. கரியை ஒரு ஓரமாக ஒதுக்கி, பாளத்தை எதிர் ஓரத்தில், தடித்த பக்கம் கங்கைப் பார்த்தபடி வையுங்கள். நடுவில் ஒரு தடவை முன்பின்னாகத் திருப்பினால் போதும்.

புள்ளி புள்ளியாகக் கருமை, புகைக்கரி வாடை என்றால் கொழுப்பு சொட்டித் தீப்பிடித்திருக்கிறது. தீ எழும்பினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாம்பல் பறந்து கறியில் ஒட்டும், கொதிக்கும் நீராவி கையைச் சுடும். கறியை நகர்த்திவிட்டு மூடியை மூடி, கீழ்க்காற்றுக் கண்ணை (கிரிலின் அடியில் காற்று புகும் துளையை) அடையுங்கள். காற்றில்லாமல் தீ தானாக அடங்கும்.

## கசக்கிறது, புகை வாடை தொண்டையைப் பிடிக்கிறது

மூடிக்கு மேலே வருகிற புகையின் நிறத்தைப் பாருங்கள். மெல்லிசாக, நீலம் பாய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வந்தால் நல்ல புகை. வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் அது கறியில் படியக்கூடாது. அது தெளிகிற வரைக்கும் கறியை வைக்காதீர்கள். கரி சாம்பல் பூத்தபின் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கறி வைத்த பிறகும் வெள்ளைப் புகை வந்தால் மேல்மூடிக் கண்ணைத் திறங்கள். சூட்டைக் குறைக்க வேண்டுமென்று பலர் மேல்கண்ணை அடைக்கிறார்கள். அது எப்போதும் பாதிக்கு மேல் திறந்தே இருக்கட்டும். சூட்டைக் கட்டுப்படுத்துவது கீழ்க்கண்ணின் வேலை.

பிறகு விறகு. வாசனைக்குக் கொய்யா, மா, புளி மூன்றும் நல்லவை, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஊறவைத்துப் போடச் சொல்பவர்கள் உண்டு, நான் போடுவதில்லை. நனைந்த விறகு முதலில் நீராவியும் வெள்ளைப் புகையும்தான் விடும். சீமைக்கருவேலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெக்சாஸில் கறி சுடப் பேர் போன மெஸ்கீட் மரமும் நம் உடங்காட்டுச் சீமைக்கருவேலமும் ஒரே பேரினத்து உறவு. கரியாக எரித்தால் நின்று எரியும், எனக்கு மிகவும் பிடித்தது. விறகாகப் போட்டால் புகை காட்டமாக இருக்கும். ஆட்டு விலாவுக்குக் கட்டைவிரல் அளவு ஒரு துண்டு போதும். இரண்டு போட்டால் கசக்கும்.

தென்னை மட்டை, பாளை எல்லாம் கரி பற்றவைக்க மட்டும். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், பார்சல் பெட்டிப் பலகை எதுவும் கிரிலுக்குள் வரக்கூடாது. அரளியை விறகாகவோ கறி குத்துகிற குச்சியாகவோ எடுக்கவே எடுக்காதீர்கள், அது விஷம். வேலியோரம் வெட்டிப் போட்ட குவியலில் அது கலந்திருக்கும், பார்த்துப் பொறுக்குங்கள்.

இவ்வளவும் சரி, இன்னும் கசக்கிறது என்றால் மூடியின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கறுப்பாகச் செதில் உதிர்ந்தால் பல நாள் படிந்த கசடு கறியில் விழுகிறது. சுரண்டிவிட்டு ஒரு மணி நேரம் கறியில்லாமல் எரியவிடுங்கள். கரியையும் முகர்ந்து பார்ப்பது நல்லது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த ஒரு மூட்டையை நான் வெயிலில் காயவைத்து எரித்தேன். பற்றிக்கொண்டது, ஆனால் சாக்கடை வாடை கறி வரைக்கும் வந்தது. அந்த மாதிரிக் கரியைத் தூரப் போடுங்கள்.

## சூடு ஒரு நிலையில் நிற்கவில்லை

ஏறிக்கொண்டே போகிறது. மாதம் என்ன என்று முதலில் பாருங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று நம் பக்கத்தைப் புரட்டி எடுக்கும். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அந்தக் காற்றில்தான். திறந்த மொட்டைமாடியில் அது கிரிலின் கீழ்க்கண் வழியாக ஊதுலைத் துருத்தி போலப் புகும். 120ல் இருந்த சூடு பத்து நிமிஷத்தில் 180 ஆனதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிச் சுவரின் கிழக்குப் பக்கம் கிரிலை நகர்த்துங்கள், கீழ்க்கண் காற்றைப் பார்க்காதபடி திருப்புங்கள், கண்ணை விரற்கடை அளவுக்கு மூடுங்கள். காற்று ரொம்ப அடிக்கிற நாளில் பொறி பறக்கும், பக்கத்தில் ஓலைக் கூரையோ காய்ந்த சருகோ இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

காற்றில்லாத நாளிலும் ஏறினால் கரி முழுவதையும் ஒரே தடவையில் பற்றவைத்திருக்கிறீர்கள். பற்றாத கரியை ஓரமாகக் குவித்து, அதன் ஒரு முனையில் மட்டும் எட்டு, பத்து கங்கை வையுங்கள். நெருப்பு மெல்ல நகர்ந்து போகும். எனக்கு 5 மணி நேரத்துக்கு இரண்டரை, மூன்று கிலோ பிடிக்கிறது. சிரட்டைக் கரி சீக்கிரம் பற்றிச் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதை மட்டும் வைத்து நீண்ட நேரம் ஓட்டுவது சிரமம், கருவேலங்கரியோடு பாதிப்பாதி கலந்துகொள்ளுங்கள்.

அதுவும் இல்லையென்றால் மூடியைச் சுற்றிப் புகை கசிகிறதா பாருங்கள். கசிகிற இடத்தில் வெளிக்காற்றும் உள்ளே போகிறது.

ஏறவே மாட்டேன் என்கிறது. சாம்பல் கீழ்க்கண்ணை அடைத்திருக்கும். பாதிக்கு மேல் தடவை இதுதான். கம்பியால் கிளறிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் சூடு ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்றால் கரி ஈரம் இழுத்திருக்கும். வெயில் வந்ததும் ஒரு நாள் பரப்பிக் காயவையுங்கள், மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள்.

மீட்டர் ஒன்று சொல்கிறது, கறி வேறு சொல்கிறது. மூடியில் பதித்த மீட்டர் மூடியின் உச்சிச் சூட்டைக் காட்டுகிறது, கறியின் மட்டத்தை அல்ல. குத்துகிற தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் 100 காட்ட வேண்டும், ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0. மாஞ்சோலை மாதிரி மலைமேல் என்றால் கொதிநிலை மூன்று, நான்கு டிகிரி குறையும், அது மீட்டரின் குற்றமில்லை. இரண்டு சோதனையிலும் ஒரே அளவு தப்பினால் அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவை ஒவ்வொன்று காட்டினால் புதிது வாங்குங்கள். விலாவுக்கு நீங்கள் செலவழிக்கிற பணத்தில் மிகவும் பிரயோஜனமானது அதுதான்.

வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டிய கட்டம்: டிரம்மை நீளவாக்கில் அறுத்துச் செய்த கிரில் என்றால், மூடி வளைந்து விரல் நுழைகிற இடைவெளி விட்டாலோ அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ வீட்டில் சரிசெய்ய முடியாது. பட்டறையில் கொடுக்கும்போது ஒன்று கட்டாயம் சொல்லுங்கள், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம், வெறும் இரும்புத் தகடு போதும். பூச்சு நெருப்பில் புகைந்தால் காய்ச்சல் வரும். புதிதாக டிரம் வாங்குகிறீர்கள் என்றால் அதில் முன்னால் என்ன இருந்தது என்று கேளுங்கள். பூச்சிமருந்து, ரசாயனம் என்றால் எத்தனை தடவை எரித்தாலும் சாப்பாட்டுக்கு ஆகாது.

## வெந்த பிறகும் உள்ளே சிவப்பாக இருக்கிறது

மேல்விளிம்பை ஒட்டி இளஞ்சிவப்பாக ஒரு வளையம் இருந்தால் அது புகை பட்ட நிறம், பச்சைக் கறி இல்லை. எலும்பை ஒட்டி மட்டும் சிவந்திருந்தாலும் 90 டிகிரி காட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். நிறத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள்.

சிவப்போடு புளித்த வாடையோ கொழகொழப்போ இருந்தால் அது வேறு விஷயம். சித்திரை, வைகாசி வெயிலில் கறியை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கெட்ட கறியைப் புகையும் மசாலாவும் மறைக்கும், சரியாக்காது. கொட்டிவிடுங்கள்.

## கறியை விட்டுவிட்டு உடனே கவனிக்க வேண்டிய இரண்டு

தலை வலிக்கிறது, சுற்றுகிறது. மழைக்கு ஒதுங்கக் கரி கிரிலை கார் ஷெட்டுக்குள்ளோ அடுக்களைக்குள்ளோ கொண்டுபோனால் இது நடக்கும். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, புகை தெரியாவிட்டாலும் அது இருக்கும். எல்லாரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், யாருக்காவது மயக்கமோ வாந்தியோ இருந்தால் 108. சாம்பல் பூத்த கரியும் ஆறுகிற வரைக்கும் இதே ஆபத்துதான், அதனால் முடிந்தபின்னும் கிரிலை உள்ளே எடுத்து வைக்காதீர்கள்.

கேஸ் கிரிலில் வாடை வருகிறது. சிலிண்டர் மாற்றிய பிறகு, ரப்பர் குழாய் பழசான பிறகு வரும். ரெகுலேட்டரை அடைத்துவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல், வாடை போகிற வரைக்கும் காத்திருங்கள். பிறகு கிரிலின் திருகுகளை மூடியே வைத்து, எதையும் பற்றவைக்காமல் ரெகுலேட்டரைத் திறந்து, குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வருகிற இடம்தான் கசிவு. இணைப்பு தளர்ந்திருந்தால் ரெகுலேட்டரை அடைத்துவிட்டுக் கழற்றி ஒழுங்காக மாட்டி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டுப் பற்றவைக்கலாம். குழாயிலோ ரெகுலேட்டரிலோ குமிழி வந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள், ஏஜென்சி ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள். அடைத்த பிறகும் வாடை நிற்கவில்லை என்றால் வீட்டை விட்டு விலகி 1906க்கு போன் பண்ணுங்கள். பாதி வெந்த கறி கிரிலிலேயே கிடக்கட்டும். ஆள் வந்து சரிபார்த்து, ஆபத்தில்லை என்று சொல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் கறியைக் கொட்டிவிடுங்கள். அதற்குள் முடிந்தால் இலையில் கட்டி இட்லிக் கொப்பரையில் வைத்து, ஈர்க்கு இறங்குகிற வரைக்கும் ஆவி காட்டி முடித்துவிடலாம்.